ரிசல்ட்டுக்கு முன்பே கல்லூரி விண்ணப்பம்: டெல்டா பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ப்ளஸ் டூ ரிசல்ட் மே மாதம் வரும், வந்ததும் பார்த்துக்கொள்வோம் என்று இருக்கும் வீடுகள்தான் நம் பக்கம் அதிகம். சில படிப்புகளுக்கோ அதற்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பம் முடிந்துவிடுகிறது. மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, கும்பகோணம் பக்கத்துப் பெற்றோர் எங்களைப் போன்ற வகுப்பாசிரியர்களிடம் வந்து கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். தேதிகள் வருடத்துக்கு வருடம் முன்பின் நகரும். அந்தந்த வருட அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளை பதினொன்றாம் வகுப்பில் இருக்கும்போதே இதைப் படித்துவிட்டால் இன்னும் நல்லது.

ரிசல்ட்டே வரவில்லை, அதற்குள் என்ன சார் விண்ணப்பம்?

இரண்டு வகை இருக்கிறது. ப்ளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துச் சேர்ப்பவை ஒரு வகை. அண்ணா பல்கலைக்கழக வளாகக் கல்லூரிகள் முதல் ஊரில் உள்ள தனியார் பொறியியல் கல்லூரி வரைக்குமான பொறியியல் கவுன்சலிங், அரசு கலை அறிவியல் கல்லூரி, வேளாண்மை, மீன்வளம், அரசு சட்டக் கல்லூரி எல்லாம் இதில் வரும். இவற்றுக்கு மே மாதத்தில் விண்ணப்பித்தால் போதும்.

நுழைவுத் தேர்வு வைப்பவை மற்ற வகை. தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் டிசம்பரில் நடக்கிறது, விண்ணப்பம் மழைக்காலத்துக்கு முன்பே திறந்துவிடும். என்ஐடி போன்ற மத்திய அரசுப் பொறியியல் கல்லூரிகளுக்கான ஜேஇஇ மெயின் முதல் தேர்வு ஜனவரியில். அதற்கு அக்டோபர் கடைசியில் தொடங்கி நவம்பருக்குள் விண்ணப்பித்துவிட வேண்டும். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான க்யூட், மருத்துவத்துக்கான நீட் இரண்டுக்கும் ஜனவரி பிறந்ததிலிருந்தே கண்ணைத் திறந்து வைத்திருங்கள். நீட் தேர்வு வழக்கமாக மே முதல் ஞாயிற்றுக்கிழமை.

நம் ஊர்க்காரர்களுக்கு இதில் ஒரு கூடுதல் சங்கடம். ஜேஇஇ விண்ணப்பம் வருவது ஐப்பசி, கார்த்திகையில். சம்பா இளம்பயிர் தண்ணீரில் நிற்கும், பள்ளிக்கு மழை விடுமுறை, கரண்ட் எப்போது போகும் என்று தெரியாது. குறுவைக் காசு சம்பாவுக்குப் போயிருக்கும், சம்பாக் காசு தை பிறந்தால்தான் வரும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்த ஊர்கள் உண்டு. கடைசித் தேதியை யாரும் நமக்காகத் தள்ளி வைப்பார்கள் என்று நம்பி இருக்க முடியாது. ஆகவே விண்ணப்பம் திறந்த முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள். மற்ற ஊர்க்காரர்களுக்கு இது நல்ல பழக்கம், நமக்கு வேறு வழியில்லை.

அமெரிக்காவில் இருக்கும் என் கொழுந்தனார் மகள் நவம்பரிலேயே விண்ணப்பித்து டிசம்பரில் சீட் வாங்கிவிட்டாள். இங்கேயும் அப்படி முடியுமா?

அங்கே ‘ஏர்லி டிசிஷன்’ என்று ஒரு முறை உண்டு. பெரும்பாலும் நவம்பர் 1 வாக்கில் விண்ணப்பித்து, டிசம்பர் நடுவில் பதில் வாங்குவார்கள். இடம் கிடைத்தால் அங்கேதான் சேருவேன் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டுதான் போட வேண்டும், அதனால் ஒரு கல்லூரிக்கு மட்டும்தான் அப்படிப் போட முடியும். ‘ஏர்லி ஆக்‌ஷன்’ என்பதில் அந்தக் கட்டாயம் இல்லை. நம் ஊர் அரசு முறையில் இப்படி எதுவும் கிடையாது. நம்மிடம் முன்கூட்டியே நடப்பது பெரும்பாலும் தேர்வு மட்டும்தான், கிளாட் போன்ற ஒன்றிரண்டைத் தவிர சீட் கொடுப்பது ரிசல்ட்டுக்குப் பிறகுதான்.

என்னென்ன சான்றிதழ், எப்போது வாங்க வேண்டும்?

பெற்றோர் செய்யக்கூடிய உதவிகளில் இதுதான் பெரியது என்பேன். பிள்ளை படிக்க வேண்டிய நேரத்தில் தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்கக் கூடாது.

சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் நான்கையும் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் என்று படியேறும். மழைக்காலத்தில் விஏஓ பயிர்ச்சேதக் கணக்கெடுப்பில் வயல் வயலாக அலைந்துகொண்டிருப்பார், அடங்கலுக்கு வரிசை நிற்கும். அந்த நேரத்தில் உங்கள் விண்ணப்பம் பின்னால் போனால் அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆடி, ஆவணியில் முடித்து வைத்துவிடுங்கள்.

முதல் பட்டதாரிச் சான்றிதழில் பலர் தடுமாறுகிறார்கள். பெற்றோர், தாத்தா பாட்டி, உடன்பிறந்தவர் யாரும் பட்டம் வாங்கியிருக்கக் கூடாது. அக்கா இந்தச் சான்றிதழுக்கான கட்டணச் சலுகையில் ஏற்கெனவே கல்லூரியில் சேர்ந்துவிட்டால் தம்பிக்குக் கிடையாது. வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருந்தால் யாருக்கு எடுப்பது என்று யோசித்துச் செய்யுங்கள்.

மத்திய அரசு நிறுவனங்களுக்கு நம் பிசி, எம்பிசி சான்றிதழ் செல்லாது. ஓபிசி சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். அந்த நிதியாண்டில், அதாவது ஏப்ரல் 1க்குப் பிறகு வாங்கியதைத்தான் கேட்பார்கள். ஓபிசி சலுகை கிடைக்காத வசதியான பிரிவுக்கான (கிரீமி லேயர்) வருமான வரம்பு ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய். அந்த வருமானக் கணக்கில் சம்பளத்தையும் விவசாய வருமானத்தையும் சேர்ப்பதில்லை. நிலத்துக்குத் தனி அளவுகோல் இருக்கிறது. ‘நமக்கு நிலம் இருக்கிறதே, கிடைக்காது’ என்று நாமே முடிவு செய்துகொண்டு விண்ணப்பிக்காமல் விடுகிறவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கும்.

அப்புறம் பெயர். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இனிஷியல் முன்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால், சாதிச் சான்றிதழில் ஒரு எழுத்து கூடுதல். இந்த மூன்றையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்துக் கூட்டி ஒரு தடவை படித்துப் பாருங்கள். ஆதாரைத் திருத்துவதென்றால் பள்ளி திறந்ததுமே திருத்துங்கள்.

பிரவுசிங் சென்டரில் கொடுத்தால் அவர்களே எல்லாம் போட்டுத் தருகிறார்களே?

போடட்டும். ஆனால் மூன்று விஷயம் உங்கள் கையில் இருக்க வேண்டும்: போன் நம்பர், இமெயில், பாஸ்வேர்டு. சென்டர்காரர் அவசரத்துக்குத் தன் நம்பரையே போட்டுவிடுவார். ஹால் டிக்கெட், கவுன்சலிங் தகவல் எல்லாம் அவர் போனுக்குப் போகும். அவருக்கு அன்றைக்கு நூறு பிள்ளைகள்.

இன்னொன்றும் நடக்கிறது. அப்பா சிங்கப்பூரில் இருப்பார், வீட்டில் எதற்கும் அவருடைய பழைய நம்பர்தான். திருத்துறைப்பூண்டியில் ஒரு பையன் கடைசி நாள் சாயங்காலம் சென்டரில் உட்கார்ந்திருக்கிறான். ஓடிபி போகிறது. அப்பா வேலைத்தளத்தில், போன் லாக்கரில். அம்மா வீட்டிலிருந்து வாட்ஸ்அப்பில் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார், மணி அடிக்கிறதே தவிர எடுப்பார் இல்லை. ஓடிபி காலாவதியாகிறது, மறுபடி போகிறது, மறுபடி காலாவதி. எப்படியோ ராத்திரி ஷிப்ட் மாறியபோது அவர் எடுத்தார், முடிந்தது. எல்லோருக்கும் அப்படி அமையாது. பிள்ளையின் விண்ணப்பங்களுக்கு வீட்டில் எப்போதும் இருக்கும் ஒரே நம்பரைக் கொடுங்கள், அதற்கு ரீசார்ஜ் தீராமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாஸ்வேர்டை ஒரு நோட்டில் எழுதி ரேஷன் கார்டோடு வையுங்கள்.

எல்லாவற்றுக்கும் போட்டு வைத்துவிடலாமா? எது கிடைக்கிறதோ அதில் சேரலாம்.

வேண்டாம். ஜேஇஇக்குப் பிரிவைப் பொறுத்து 500 முதல் 1,000 ரூபாய், நீட்டுக்கு 1,000 முதல் 1,700 ரூபாய். தேர்வு மையம் தஞ்சாவூரோ திருச்சியோ கிடைத்தால் சரி, வேறு ஊர் விழுந்தால் போக்குவரத்துச் செலவு தனி. காசு ஒரு பக்கம் இருக்கட்டும். நாலு தேர்வுக்குப் பதிவு செய்த பிள்ளை நாலு பாடத்திட்டத்தை நினைத்து ராத்திரி தூங்காது, கடைசியில் பொதுத் தேர்வு மதிப்பெண்ணும் குறையும். ஒன்று, மிஞ்சினால் இரண்டு போதும்.

பக்கத்திலேயே இருக்கிற கல்லூரிக்குக்கூட நுழைவுத் தேர்வு எழுத வேண்டுமா?

சிலவற்றுக்கு ஆமாம். இது தெரியாமல்தான் நம் பிள்ளைகள் நிறைய இழக்கிறார்கள்.

திருவாரூர் பக்கம் நீலக்குடியில் தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம் 2009 முதல் இருக்கிறது. அந்த வாசல் வழியாகத் தினம் பஸ்ஸில் போகும் பிள்ளைகளுக்கே, உள்ளே இளநிலை சேர க்யூட் எழுத வேண்டும் என்பது ரிசல்ட் வந்த பிறகுதான் தெரிகிறது. வட இந்தியாவிலிருந்தும் கேரளத்திலிருந்தும் பிள்ளைகள் ரயிலேறி வந்து அங்கே தங்கிப் படிக்கிறார்கள்.

தஞ்சாவூரில் உள்ள நிஃப்டெம், நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி மையமாகத் தொடங்கியது. இன்று மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனம். பிடெக் சேர ஜேஇஇ மெயின் வேண்டும். திருச்சி துவாக்குடி என்ஐடியில் பாதி இடம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு, அதற்கும் ஜேஇஇ மெயின்தான். காரைக்காலில் ஒரு என்ஐடி இருக்கிறது. நாகப்பட்டினத்திலிருந்து எட்டிப் பார்க்கும் தூரம்தான், ஆனால் அது புதுச்சேரி என்ஐடி. அங்கே நாம் வெளிமாநிலக் கணக்கில்தான் போட்டியிட வேண்டும்.

சாஸ்திராவில் தஞ்சாவூர், திருச்சி மாவட்டத்துக்காரர்களுக்கு 30 விழுக்காடு இடம் ஒதுக்குகிறார்கள். யார் அந்த மாவட்டத்துக்காரர் என்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் விதியைப் படித்துவிட்டுப் போடுங்கள். அது தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகம், கட்டணத்தையும் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் எவ்வளவு தூரம் தலையிடலாம்? சொன்னால் கோபப்படுகிறான், சொல்லாவிட்டால் ஒன்றும் செய்ய மாட்டேன் என்கிறான்.

காகிதம், காசு, போக்குவரத்து மூன்றும் உங்கள் வேலை. எந்தப் படிப்பு, எந்தத் தேர்வு என்பது அவன் வேலை. இந்த எல்லைக்கோட்டை ஆடி மாதமே பேசி வைத்துக்கொண்டால் கார்த்திகையில் சண்டை வராது. விண்ணப்பத்தை அவனே நிரப்பட்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். பிறந்த தேதி, இனப்பிரிவு, தேர்வு மொழி இந்த மூன்றிலும்தான் தவறு அதிகம் வருகிறது.

வாரத்தில் ஒரு நாள், ஞாயிறு சாப்பாட்டுக்குப் பிறகு என்று வைத்துக்கொள்ளுங்கள், விண்ணப்பப் பேச்சைப் பேசலாம். மற்ற ஆறு நாள் அந்தப் பேச்சை எடுக்காதீர்கள். ட்யூஷன் முடிந்து ராத்திரி ஒன்பது மணிக்குச் சைக்கிளை நிறுத்தும்போதே ‘மார்க் எவ்வளவு’ என்று கேட்டால் பதில் முறைப்பாகத்தான் இருக்கும்.

இன்னொன்று. எதற்கு விண்ணப்பித்திருக்கிறான் என்று ஊரெல்லாம் சொல்லாதீர்கள். டீக்கடை வரைக்கும் போய்விட்டால் ரிசல்ட் நாளில் கேட்பவர்கள் நூறு பேர், பதில் சொல்ல வேண்டியவன் அவன் ஒருவன்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் என்ன உதவி செய்ய முடியும்?

மேலே சொன்ன ஞாயிற்றுக்கிழமைப் பேச்சுக்கு எழுத்து தேவையில்லை. தேர்வு நாளில் ஹால் டிக்கெட், ஆதார், போட்டோ மூன்றும் பையில் இருக்கிறதா என்று பார்ப்பதற்கும் தேவையில்லை. படித்துக் காட்ட வேண்டியதைப் பிள்ளையோ வகுப்பாசிரியரோ காட்டட்டும். கேட்கத் தயங்காதீர்கள், அதற்குத்தான் நாங்கள் இருக்கிறோம்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 விழுக்காடு என்கிறார்களே, அது எதற்கெல்லாம்?

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. மருத்துவத்தில் 2020 முதல், பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் போன்றவற்றில் 2021 முதல். இந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கட்டணத்தையும் விடுதிச் செலவையும் அரசே ஏற்கிறது. மத்திய அரசு நிறுவனங்களில் இது கிடையாது, அரசு உதவி பெறும் பள்ளியில் படித்தவர்களுக்கும் கிடையாது. நடுவில் பள்ளி மாறியிருந்தால் ஒவ்வொரு பள்ளியிலும் படித்ததற்கான சான்று வேண்டும். இதையும் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.

மாதம் 1,000 ரூபாய் உதவி வேறு. பெண்களுக்குப் புதுமைப் பெண் 2022 செப்டம்பரிலும், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டிலும் தொடங்கப்பட்டவை. கல்லூரியில் சேர்ந்த பிறகு கல்லூரி வழியாகவே விண்ணப்பிப்பார்கள்.

நாங்களே வயலை விட்டு வெளியே வரப் பார்க்கிறோம். இவன் பிஎஸ்சி அக்ரி படிக்கிறேன் என்கிறான்.

படிக்கட்டும் சார். அக்ரி படித்தால் வயலில் இறங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை. வேளாண்மைத் துறை, வங்கி, விதை, உர நிறுவனங்கள், ஆராய்ச்சி, குடிமைப் பணித் தேர்வு என்று வழி நிறைய. இறங்கினாலும் தப்பில்லை என்பது என் கருத்து, உங்கள் வீட்டில் அதைத் திணிக்கவில்லை. கோவை வேளாண் பல்கலைக்கழகம் ப்ளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே கவுன்சலிங் நடத்துகிறது, நுழைவுத் தேர்வு இல்லை. நம் பக்கத்திலேயே ஈச்சங்கோட்டையிலும் திருச்சியிலும் அதன் கல்லூரிகள் இருக்கின்றன. கட்-ஆஃப் மட்டும் லேசாக இருக்காது.

பெண்ணை வெளியூர் விடுதிக்கு அனுப்பப் பயமாக இருக்கிறது. உள்ளூரிலேயே படித்தால் என்ன?

உள்ளூர்க் கல்லூரி மட்டம் என்று யாரும் சொல்லவில்லை. கும்பகோணம் அரசுக் கல்லூரி 1854இல் தொடங்கியது. தஞ்சாவூரில் பெண்களுக்கென்றே குந்தவை நாச்சியார் அரசுக் கல்லூரி இருக்கிறது. அவளுக்குப் பிடித்த படிப்பு அங்கே இருந்தால் தாராளமாகச் சேருங்கள். இல்லாத படிப்பைக் கேட்கிறாள் என்றால், மறுப்பதற்கு முன்னால் ஒரு தடவை அந்த விடுதியை நேரில் போய்ப் பாருங்கள். மன்னார்குடியிலிருந்து மன்னை எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியும்போது சென்னை. கேட் எத்தனை மணிக்குப் பூட்டுகிறார்கள், வார்டன் உள்ளேயே தங்குகிறாரா, தண்ணீர் வருகிறதா என்று சமையலறைப் பக்கம் நின்று நாலு பிள்ளைகளிடம் கேளுங்கள். அம்மாவும் கூடப் போங்கள். அப்பாக்கள் கட்டடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள், அம்மாக்கள்தான் குளியலறைத் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்க்கிறார்கள்.

ஜனவரி ஜேஇஇயில் 70 பெர்சன்டைல்தான். மனசு விட்டுப்போய் உட்கார்ந்திருக்கிறாள்.

முதலில் 70 பெர்சன்டைல் என்றால் நூற்றுக்கு 70 மதிப்பெண் இல்லை. எழுதியவர்களில் 70 விழுக்காட்டினர் அவள் அளவுக்கோ அதற்குக் கீழேயோ எடுத்திருக்கிறார்கள் என்று பொருள். என்ஐடிக்கு அது போதாதுதான். ஏப்ரலில் இரண்டாவது தேர்வு உண்டு, இரண்டில் எது நன்றாக வருகிறதோ அதைத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

ஆனால் அந்தப் பிப்ரவரியில் அவளுக்குப் பெரிய வேலை மார்ச் பொதுத் தேர்வு. பொறியியல் கட்-ஆஃப் 200க்கு: கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50. அந்த மதிப்பெண் அவள் கையில் இன்னும் முழுசாக இருக்கிறது.

இதே நேரத்தில்தான் வீட்டில் அறுவடை. நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டிவிட்டு, முறை வரும் வரை அப்பா தார்ப்பாயோடு ராத்திரி காவல் படுத்திருப்பார். அம்மாவும் களத்தில். பிள்ளை தனியாக வீட்டில் அந்த 70ஐயே பார்த்துக்கொண்டிருக்கும். முடிந்தால் அத்தையோ பாட்டியோ யாராவது ஒருவர் அந்த வாரங்களில் வீட்டில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அறிவுரை எதுவும் வேண்டாம், சூடாக ஏதாவது செய்து கொடுத்தால் போதும்.

எதுவுமே கிடைக்காமல் போனால்?

ப்ளஸ் டூவில் ஏதாவது பாடம் போய்விட்டால் அதே கோடையில் துணைத் தேர்வு எழுதி அந்த வருடமே கல்லூரியில் சேரலாம். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் 1904இல் சேர்ந்த ராமானுஜன் கணக்கைத் தவிர மற்றவற்றில் தேறாமல் உதவித்தொகையை இழந்தார், அடுத்த வருடம் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினம் பக்கம் ரயிலேறிவிட்டார். எல்லோரும் ராமானுஜன் ஆவார்கள் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. நல்ல பிள்ளையும் அந்த நேரத்தில் வீட்டை விட்டு ஓடும் அளவுக்குப் போகும் என்பதற்காகச் சொல்கிறேன். ரிசல்ட் வரும் நாளில் பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். பேச்சு குறைந்து, சாப்பாடு குறைந்து, தூக்கம் போனால் 104 அல்லது 14416க்குப் போன் செய்யலாம், இலவசம், தமிழில் பேசுவார்கள்.

ஒரு தனியார் கல்லூரி ஆள் வீட்டுக்கே வந்து, இப்போதே அட்வான்ஸ் கட்டினால் சலுகை என்கிறார்.

ரிசல்ட்டுக்கு முன் யாருக்கும் அட்வான்ஸ் கட்ட வேண்டாம். கட்டியே ஆக வேண்டும் என்று தோன்றினால் ரசீது இல்லாமல் கட்ட வேண்டாம். ஒரிஜினல் சான்றிதழைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்பது யுஜிசி விதி. அதைக் கேட்டதும் அந்த ஆளின் பேச்சு மாறும், பாருங்கள்.

கவுன்சலிங் சமயத்தில் நடவு வந்துவிடுகிறது. என்ன செய்வது?

மேட்டூர் ஜூன் 12 திறந்து தண்ணீர் கடைமடைக்கு வந்து சேரும்போது குறுவை நடவும் கவுன்சலிங்கும் ஒன்றாகத்தான் வரும். பொறியியலுக்கு எல்லாம் ஆன்லைனில்தான், சென்னைக்கு ஓட வேண்டியதில்லை. விருப்பக் கல்லூரிப் பட்டியலை முதல் வாரமே காகிதத்தில் எழுதி வரிசைப்படுத்துங்கள். எத்தனை வேண்டுமானாலும் போடலாம், ஆனால் மிகவும் பிடித்தது மேலே இருக்க வேண்டும். கிடைக்கும் என்று தோன்றுவதை மேலே போட்டால் அதுதான் கிடைக்கும். தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் உறுதி செய்ய ஓரிரு நாள்தான் தருவார்கள். அந்த நாட்களில் விண்ணப்பத்தில் கொடுத்த நம்பர் உள்ள போன் வயலுக்குப் போகக் கூடாது. பிள்ளையின் கையில், சார்ஜோடு, வீட்டில் இருக்கட்டும். சந்தேகம் வந்தால் பக்கத்து உதவி மையத்துக்குக் காலையிலேயே போய்விடுங்கள், மதியத்துக்கு மேல் கூட்டம்.